உள் உதடு நீளமாக இருந்தால் வெட்டிக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. பிறப்புறுப்பின் உள் உதடுகள் வெளியே தெரியும்படி நீளமாக இருக்கின்றன. இடது பக்கம் வலதைவிடப் பெரிது. விளிம்பு கறுத்தும் இருக்கிறது. சைக்கிள் ஓட்டினாலோ இறுக்கமான உடை போட்டாலோ உராய்ந்து எரிகிறது. அவ்வப்போது அரிப்பும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஓர் அழகியல் சிகிச்சை மையத்தில் விசாரித்தபோது, ‘லேபியாபிளாஸ்டி என்று ஒரு சின்ன ஆபரேஷன்தான். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம், ஆபத்து எதுவும் இல்லை’ என்றார்கள். செய்துகொள்ளலாமா? பின்னாளில் தாம்பத்தியத்துக்கோ பிரசவத்துக்கோ பாதிப்பு வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்ற அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கே விளைவுகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். நரம்புகள் நெருக்கமாக ஓடுகிற ஓர் இடத்தில் கத்தி வைப்பதற்கு முன் அப்படிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. சொன்னவர் அந்த மையத்தின் வரவேற்பில் இருப்பவராக இருக்கலாம். அறுவை செய்யப்போகிறவரே சொல்லியிருந்தால், அவரிடம் போகாதீர்கள்.

உங்களை நான் பரிசோதிக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன: அளவும் நிறமும் ஒன்று, உராய்வு எரிச்சல் ஒன்று, அரிப்பு ஒன்று. முடிச்சை அவிழ்க்காமல் வெட்டினால், அரிப்பு அப்படியே இருக்கும். கூடவே ஒரு தழும்பும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் அளவு. ‘சரியான அளவு’ என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. லண்டனில் 50 பெண்களை அளந்து 2005-இல் வெளியான ஆய்வில், உள் உதட்டின் அகலம் (அடியிலிருந்து விளிம்பு வரை, நீங்கள் ‘நீளம்’ என்று சொல்வது இதைத்தான்) 7 மி.மீ. முதல் 50 மி.மீ. வரை இருந்தது. ஏழு மடங்கு வித்தியாசம்! 2018-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் பெரியது. 15 முதல் 84 வயது வரையிலான 657 பெண்களை அளந்தார்கள். அகலம் 1 மி.மீ. முதல் 61 மி.மீ. வரை போனது. உள் உதட்டில் குறை என்று வந்தவர்களை எடுத்து அளந்த கணக்கல்ல இது. மூக்கு, காது போல இதுவும் ஆளுக்கு ஆள் மாறுகிற உறுப்பு. வெளி உதடுகளைத் தாண்டி உள் உதடு தெரிவதும், ஒரு பக்கம் பெரிதாக இருப்பதும் மிகச் சாதாரணம். விளிம்பு கறுப்பாக இருப்பது பருவமடையும்போது ஹார்மோன் செய்கிற வேலை. கர்ப்பத்தில் இன்னும் கறுக்கும். அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. அதை வெளுக்கவைக்கிறேன் என்று விற்கப்படும் களிம்புகளைத் தொடவே தொடாதீர்கள். அந்த மெல்லிய தோல் வெந்துபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் உறுப்பைக் குனிந்தோ கைக்கண்ணாடி வைத்தோ பார்க்கும் கோணம் வேறு, எதிரில் இருப்பவர் பார்க்கும் கோணம் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வேறு உடல்களும் கிடைப்பதில்லை. கிடைப்பவை திரையில் வரும் படங்கள். அவற்றில் பல திருத்தப்பட்டவை, மற்றவை பொறுக்கி எடுக்கப்பட்டவை. முடியை முழுக்க நீக்கும் பழக்கம் வந்த பிறகு, முன்பு மறைந்திருந்தது கண்ணில் படுகிறது. அவ்வளவுதான் நடந்தது, உறுப்பு மாறவில்லை.

அடுத்து, வெட்டப்போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உள் உதடு தொங்குகிற உபரித் தோல் அல்ல. கொழுப்போ முடியோ இல்லாத மெல்லிய மடிப்பு அது. உள்ளே ரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் நிறைந்திருக்கின்றன. கிளர்ச்சியின்போது ரத்தம் பாய்ந்து தடித்துக்கொள்ளும். அதிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அந்த இடத்தை உலராமல் வைத்திருக்கும். சிறுநீர்த் துவாரத்தையும் பிறப்புவழியின் வாசலையும் மூடிக் காப்பதும் அதுவே. நரம்புகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அதைத் தவிர்த்து வெட்டிவிடலாம். ஆனால் விளிம்பு நெடுகப் பரவியிருக்கின்றன. ‘இந்த இடத்தில் வெட்டினால் உணர்வு கெடாது’ என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

அறுவையில் இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, விளிம்பை நீளவாக்கில் நறுக்கித் தைப்பது. செய்வதற்கு எளிது. ஆனால் தழும்பு முழுவதும் உராய்கிற ஓரத்திலேயே விழும். சிலருக்கு ஓரம் அலை அலையாக ஆறும், சிலருக்குத் தொட்டாலே கூசும். இரண்டாவது, நடுவிலிருந்து முக்கோணமாக ஒரு கீற்றை எடுத்துவிட்டு மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்துத் தைப்பது. இதில் இயற்கையான விளிம்பு மிஞ்சும். ஆனால் இழுவிசை முழுவதும் ஒரே தையலில் விழுவதால், தையல் பிரிந்து ஓட்டையோ பிளவோ விழலாம். லேசர் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். லேசரும் வெட்டுகிற கருவிதான். தழும்பு அதற்கும் உண்டு.

உடனடி ஆபத்துகள் எந்த அறுவைக்கும் உள்ளவைதான்: ரத்தக்கசிவு, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்வது, கிருமித் தொற்று, தையல் பிரிவது. இடம் ஈரமானது, சிறுநீர் படுவது, நடக்கும்போதெல்லாம் அசைவது. அதனால் தையல் பிரிவது இந்த அறுவையில் அடிக்கடி சொல்லப்படும் சிக்கல். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் காயம் ஆறுவது இன்னும் சிரமம்.

என்னை யோசிக்க வைப்பது தாமதமாகத் தெரிகிற சிக்கல்கள். தழும்பு வலிக்கத் தொடங்கினால் உட்காருவதும் உடலுறவும் வேதனையாகிவிடும். உணர்வு குறைந்து மரத்துப்போகலாம். அல்லது நேர்மாறாக, உள்ளாடை பட்டாலே சுருக்கென்று குத்தலாம். இரண்டு பக்கமும் சமமில்லாமல் ஆறலாம். நீங்கள் சமமாக்கத்தானே போகிறீர்கள்? உள் உதட்டை ஒட்ட நறுக்கிவிட்டால், மேலே கிளிட்டோரிஸை (உணர்ச்சி மிகுந்த சிறு மொட்டு) மூடியிருக்கும் மடிப்பு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை என்று கதை நீளும். மிக மோசமானது அளவுக்கு மீறி வெட்டிவிடுவது. தையல்காரர் துணியை இறுக்கித் தைத்துவிட்டால், உள்ளே விட்ட மடிப்பைப் பிரித்துத் தளர்த்திவிடலாம். இங்கே பிரிக்க மடிப்பு இருக்காது. மறுசீரமைப்பு அறுவைகள் உண்டு. பக்கத்துத் திசுவைத் திருப்பி ஓரளவு வடிவம் கொடுப்பார்கள். போன நரம்பைக் கொண்டுவர முடியாது. குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் வைக்க வேண்டும் என்று இந்தத் துறை அறுவை மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

‘மூன்றாம் நாள் வேலை’ என்பதையும் சற்று விரித்துச் சொல்கிறேன். முதல் சில நாட்கள் வீக்கம் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும். வெட்டுவதற்கு முன்பைவிடப் பெரிதாகவே தெரியும். சிறுநீர் கழிக்கையில் எரியும். நாற்காலியில் நேராக உட்காருவது கஷ்டம். சிலர் ஒரு வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் உடலுறவு, டாம்பூன், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சுமார் ஆறு வாரம் தடை. கடைசி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஒரு மணி நேரம் என்பது மருத்துவருக்கான கணக்கு.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தை மறைத்தால் நானும் அந்த மையத்துக்காரர் செய்ததையே செய்தவள் ஆவேன். செய்துகொண்ட பெண்களில் பெரும்பாலோர் திருப்தி என்றுதான் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய சிக்கல் எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பல, அறுவை செய்தவர்களே தங்கள் நோயாளிகளைக் கேட்டு எழுதியவை. குறைந்த பேர், குறைந்த காலம். செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அரிது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, மாதவிடாய் நின்று அந்தத் தோல் மேலும் மெலிகிற காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம்பகமான தரவு இல்லை. அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு 2007-இல் ஒருமுறையும் 2020-இல் மறுமுறையும் இதைத்தான் சொன்னது. அழகுக்காகச் செய்யும் இந்த அறுவைகளுக்கு மருத்துவத் தேவை இல்லை, பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை, வலி, தொற்று, தழும்பு, உணர்வு மாற்றம், மறு அறுவை ஆகிய சாத்தியங்களைப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2013-இல், 18 வயதுக்குக் கீழே பொதுவாக இதைச் செய்யக்கூடாது என்றது. வளர்ச்சி முடியாத உறுப்பை வெட்டுவதில் என்ன நியாயம் இருக்க முடியும்?

போகிற போக்கில் ஒன்று. அந்த மையத்தில் ‘கூடவே பிறப்புவழிக்கு லேசர் புத்துணர்ச்சி’ என்று ஏதாவது சேர்த்துச் சொன்னால், தனியாகவே மறுத்துவிடுங்கள். 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறையான எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளை அப்படி விற்பதற்கு எதிராக எச்சரிக்கை விட்டிருக்கிறது. காரணம் தீக்காயமும் தழும்பும் நீடித்த வலியும்.

இனி உங்கள் அரிப்பு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உள் உதடு நீளமாக இருப்பது மட்டுமே அரிப்புக்குக் காரணமாவது அரிது. பூஞ்சைத் தொற்று, வாசனை சோப்பு, ஈரத் துடைப்பான், தினமும் வைக்கும் மெல்லிய பேட், சவரம் செய்தபின் முளைக்கும் முள்முடி என்று காரணங்கள் பல. லைக்கன் ஸ்க்லரோசஸ் என்றொரு தோல் நோய் உண்டு. தோல் வெளுத்துச் சுருங்கும், அரிக்கும், நாளடைவில் உள் உதடே கரைந்து மறையவும் கூடும். மருந்துக் களிம்பால் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்த நோய் இருக்கும்போது அங்கே கத்தி வைத்தால் காயத்தின் மேலேயே நோய் கிளம்பலாம். அதனால், எந்த அழகியல் மையத்துக்கும் முன்னால், மகளிர் நல மருத்துவர் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். ஒரு பக்கம் திடீரென வீங்கினால், கட்டி தட்டுப்பட்டால், ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், தள்ளிப்போடவே கூடாது.

உராய்வுக்கு மூன்று மாதம் கத்தியில்லாத வழியைப் பாருங்கள். வாசனை சோப்பை நிறுத்திவிட்டு வெறும் நீரில் கழுவுங்கள். பருத்தி உள்ளாடை போதும். சவரத்தை விடுங்கள், முடி ஒரு மெத்தைபோல உராய்வைத் தாங்கும். சைக்கிளில் ஏறுமுன் மடிப்புகளை உள்ளே ஒதுக்கிவிட்டு பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசிக்கொள்ளுங்கள். இருக்கையின் முனையைச் சற்றே கீழே சாய்த்தாலே வித்தியாசம் தெரியும். இவ்வளவுக்கும் அடங்காத எரிச்சல் இருந்தால், அப்போது அறுவையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை. தினசரி வாழ்க்கையே முடங்குகிற பெண்களுக்கு அது உதவியிருக்கிறது.

தாம்பத்தியம் பற்றிக் கேட்டீர்கள். நீளமான உள் உதடு அதற்குத் தடையல்ல. வலிக்கிற தழும்புதான் தடை. பெரும்பாலானவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் உணர்வு இருக்கிறது. யாருக்குக் குறையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரசவத்துக்கும் உள் உதட்டின் அளவுக்கும் தொடர்பில்லை. செய்துகொண்டவர்களும் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறார்கள். ஆனால் கர்ப்பத்தில் அந்த இடம் வீங்கி, நிறமும் வடிவமும் மாறும். காசு கொடுத்து வாங்கிய தோற்றம் அப்படியே நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு கேள்வியை நான் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைப் பற்றி நினைக்கிறீர்கள்? யாரும் தொடாதபடி, யாரும் பார்க்காதபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டீர்களா? இந்த அறுவையைத் தேடி வந்த 55 பெண்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 10 பேருக்குத் தன் உடல் விகாரமானது என்று விடாமல் எண்ணும் மனநோய் இருந்தது. அந்த நோய்க்கு அழகியல் அறுவை மருந்தாவது அரிது. ஓரிடம் சரியானால் மனம் இன்னோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. ‘யாரிடமும் சொன்னதில்லை’ என்ற உங்கள் வரிதான் என்னைக் கேட்க வைத்தது. பரிசோதனையின்போது மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் செய்துகொள்வதென்றால், அறுவை செய்பவரிடம் நேராகக் கேளுங்கள். எந்த முறை, ஏன் அந்த முறை, எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள், இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்தது, எனக்கு அப்படி ஆனால் செலவு யாருடையது. கடைசி இரண்டு கேள்விகளில் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் தேதியை மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மகளிர் நல மருத்துவரிடம் போகும் முன் அரிப்புக்கென்று கடையில் எந்தக் களிம்பையும் வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கி, அவர் பார்க்க வேண்டியதை மறைத்துவிடும்.