சம்பளம் யார் கையில்?

வணக்கம். என் சித்தி மகள் தாதியாக வேலை பார்க்கிறாள். கணவரைவிடச் சம்பளம் அதிகம். ஆனாலும் அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறாள். சம்பாதிக்கிற பெண் ஏன் பொறுத்துப்போக வேண்டும்?
ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தங்கையின் ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது? அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். மனைவிமீது கை ஓங்குகிறவர் அவள் சம்பளத்திலும் கை வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அவள் அதிகம் சம்பாதிப்பதே பொறுக்காமல் அடிப்பவர்களும் உண்டு. இரவுப் பணிக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை, மறுநாள் முகம் வீங்கி மருத்துவ விடுப்பு. இப்படியே போனால் பதவி உயர்வு நழுவும், பிறகு வேலையும். வறுமையால் சண்டை வருகிறது என்கிறோம். அடியால் வறுமை வருவதைப் பேசுவதே இல்லை.

வீடு இன்னொரு முடிச்சு. உங்கள் தங்கையின் மத்திய சேமநிதி (மசேநி) பணம் மாதாமாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனுக்குப் போய்க்கொண்டிருக்கும். வீடு இருவர் பெயரிலும் இருக்கும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பெரும்பாலான வீடுகளுக்கு 5 ஆண்டு) முடியாவிட்டால் சாதாரணமாக விற்கவும் முடியாது. சேமிப்பெல்லாம் அந்த வீட்டில் முடங்கியிருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வாடகை அறைக்குப் போவார்?

ஆனால் வெளியேற வேண்டியவர் உங்கள் தங்கைதானா? மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ், வன்முறையைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவான தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க வழக்கறிஞர் கட்டாயமில்லை. கணவரை வீட்டிலிருந்து விலக்கிவைக்கும் ஆணையும் கேட்கலாம், அதனால் வீட்டின் உரிமை மாறாது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், உடல், பாலியல் வன்முறையோடு மனத்தை வதைப்பதையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகவே சொல்கிறது. (ஊரிலிருந்து மணமாகி வந்து, கணவர் பொறுப்பேற்ற நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெண்களின் பாடு இன்னும் கடினம். தனியாக எழுதுகிறேன்.)

பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள். அந்தச் சமாதானத்தின்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அடித்தவரைத் திருத்தாமல், அடிபட்டவளை வாயடைக்க வைப்பதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது.

நீங்கள் தங்கையிடம் “ஏன் பொறுக்கிறாய்” என்று கேட்காதீர்கள். அவர் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு திறக்கத் துணைக்குப் போங்கள். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றுகளின் நகல்களை உங்கள் வீட்டில் வைத்திருங்கள். வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் காவல்துறை, 999. நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.