நீலியை நான்கு வரியில் எழுதுவது எப்படி?

கேள்வி: நீலி, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் ஊர்ப் பேய்களை வைத்துக் குறுங்கவிதை எழுதுகிறேன். படிப்பவர்கள் பயப்படுவதில்லை, சிலர் சிரிக்கவே செய்கிறார்கள். எங்கே சறுக்குகிறது?

இருள் சூழ்ந்த நள்ளிரவில்
இரத்தச் சிவப்புக் கண்களோடு
தலைவிரி கோலமாய் வந்தாள்
பழிவாங்கும் நீலி

பதில்: நான்கு வரியும் சினிமா போஸ்டர். நீலியை எடுத்துவிட்டு எந்தப் பேயை வைத்தாலும் பொருந்திவிடும், சிக்கல் அங்கேதான். நம் பேய்க்கதைகளில் பேயின் தோற்றத்தைவிட அதற்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள நிபந்தனைதான் பயமுறுத்துகிறது. அது என்ன கேட்கும், எதற்கு அஞ்சும், நாம் எந்த இடத்தில் ஏமாறுவோம் என்பதைப் பிடியுங்கள்.

பழையனூர் நீலி கதையையே எடுத்துக்கொள்வோம். திருவாலங்காட்டுப் பக்கம் நடந்ததாகச் சொல்வார்கள். நீலி பழிவாங்கத் துரத்தும் வணிகன் கையில் மந்திரக் கத்தி, அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. அவள் கள்ளிக் கொம்பை (சிலர் கரிக்கட்டை என்பார்கள்) பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், கைவிடப் பார்க்கிறார்’ என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவனுடைய உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்துக் கத்தியை வாங்கிவிடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். இவ்வளவு இருக்க, சிவந்த கண் எதற்கு?

அப்புறம், யார் பேசுகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். சங்க அகப்பாட்டில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கூற்று: தலைவி, தோழி, செவிலி. பேய்க்கவிதைக்கும் அது நன்றாக உதவும். வணிகன் கூற்றாக எழுதிப் பார்க்கிறேன். தலைப்பு ‘பழையனூர்’.

கத்தியைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.
எழுபது பேர், பெரிய மனிதர்கள்.
வைத்துவிட்டேன்.
அவள் இடுப்புப் பிள்ளை
இதுவரை ஒருமுறைகூட அழவில்லை.

நீலி, பேய், இரவு, இரத்தம் எதுவும் கவிதைக்குள் இல்லை, ஊர்ப்பெயர் தலைப்பில் இருந்தால் போதும். ‘வைத்துவிட்டேன்’ தனி வரியில் நிற்பதைக் கவனியுங்கள். திரும்பிப் போக முடியாத இடம் அது, அங்கே வாசகர் கொஞ்சம் நின்றாக வேண்டும். வாக்கியத்தை இஷ்டத்துக்கு வெட்டி அடுக்கினால் இந்த நிறுத்தம் கிடைக்காது. இதையே அந்த எழுபது பேரில் ஒருவர் சொல்வதாக எழுதினால் வேறு கவிதை வரும், முயன்று பாருங்கள். எனக்கென்னவோ அதுதான் இதைவிடக் கொடியது என்று தோன்றுகிறது.

வழிமறித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் பெண்பேய் தெரியும்தானே? கையால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும் என்பார்கள். மோகினிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்:

சுண்ணாம்பு கேட்டாள்.
கத்தி முனையில் நீட்டினேன்.
சிரித்தாள்:
‘யார் சொல்லிக்கொடுத்தது?’

விதியைக் காப்பாற்றியும் தப்பவில்லை என்ற சந்தேகம் வந்தால் போதும், அவள் அடுத்து என்ன செய்தாள் என்பது வேண்டாம்.

கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்து வாயு எரிவது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை மறைக்காதீர்கள். காரணம் தெரிந்த வாத்தியாரே வரப்பை விட்டு இறங்கி அந்த வெளிச்சத்தை நோக்கி நடக்கட்டும்.

எதுகை மோனையைத் தேடிப் போகாதீர்கள், தானாக வந்தால் சரி. எழுதி முடித்ததும் கடைசி வரியை மூடிவிட்டுப் படியுங்கள், பெரும்பாலும் அது விளக்கவுரையாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தென்மாவட்டங்களில் நீலி கதை இசக்கியம்மனோடு கலந்து கிடக்கிறது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் அவள் கோயில் கொண்ட தெய்வம், பிள்ளைவரம் கேட்டு வருகிறார்கள். இசக்கி என்று பெயர் வைத்து எழுதினால், அவளைக் கும்பிடுகிறவர் ஒருவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள்.