சைக்கிள் கேள்வி பதில்: ‘வாங்கறதா இருந்தா ஓட்டிப் பாருங்க!’

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர். சைக்கிளில் போகலாம் என்று கணவரோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். பதிலெல்லாம் அவருக்குத்தான் போனது. முன்னால் ஷாக் அப்சர்பர், குண்டு டயர், 21 கியர் வைத்த வண்டியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். “வாங்கறதா இருந்தா ஓட்டிப் பாருங்க” என்றார் விற்பனையாளர். ஸ்டாண்டு, மட்கார்டு, பூட்டு, சீட் கவர் எல்லாம் சேர்ந்த ‘கிட்’ எடுத்தால்தான் பில் போடுவார்களாம். எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். நான் கேட்டதில் ஏதாவது தப்பா? – திருச்சி வாசகி

பதில்: ஒரு தப்பும் இல்லை. நூறு ரூபாய் செருப்பைக்கூடப் போட்டு நாலு அடி நடந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்?

நான் ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவன். அதனால் கடைக்காரர் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் கடைக்கு நிற்கும் லாபம் குறைவு. பூட்டு, ஸ்டாண்டு, சீட் கவர் இவற்றில்தான் சதவீதம் தூக்கல். அதனால் ‘கிட்’டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். “இதையும் எடுத்துக்குங்களேன்” என்று கேட்பது வியாபாரம், அதில் குற்றமில்லை. “இதை எடுத்தால்தான் அது” என்பது வேறு கதை. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில் தர மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. “சரி, கிட் எடுத்தால்தான் பில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

அப்புறம் விலை. ஸ்டிக்கரில் இருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் “ஜிஎஸ்டி தனி” என்றால் கொடுக்காதீர்கள். சைக்கிளுக்கான ஜிஎஸ்டியே 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய இருப்பு என்று பழைய விலை சொன்னால், வரி குறைந்துவிட்டதே என்று கேளுங்கள்.

உங்களுக்குக் காட்டிய வண்டி எதற்கு ஆகும்? காட்டுப் பாதைக்கு ஆகும். விலை மலிவான ஷாக் அப்சர்பர், வண்டியின் எடையைக் கூட்டும். நீங்கள் மிதிக்கும் மிதியில் கொஞ்சத்தையும் தின்றுவிடும். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர்ச் சாலையில் நாலு கிலோமீட்டருக்கு ஷாக் அப்சர்பர் இல்லாத சாதாரண போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை), நடுத்தர டயர், கியரே இல்லாத வண்டி அல்லது ஆறேழு கியர் போதும். சேலையோ சுடிதாரோ கட்டி ஓட்டுவதாக இருந்தால் முதலில் வேண்டியது முழு செயின் கவரும், துணி பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் டிரெஸ் கார்டும்தான். அந்தக் ‘கிட்’டில் அவை இருந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஓட்டிப் பார்க்க விடும் கடையாகப் பாருங்கள். உங்கள் ஸ்கூட்டர் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு அந்தத் தெருவில் ஒரு சுற்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சீட்டில் உட்கார்ந்து, மிதியைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் நீண்டால் சீட் உயரம் சரி. குறுக்குக் கம்பி உள்ள வண்டி என்றால், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரற்கடையாவது இடம் இருக்க வேண்டும். இதைச் செய்து காட்டாமல் நிறத்தைப் பற்றியே பேசுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கணவரிடம் பேசிய விஷயம்: அடுத்த முறை அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். குற்றம் கடையுடையது, அலைச்சல் உங்களுக்கு. என்ன செய்வது!

ஒன்று சொல்ல வேண்டும். பழைய தெருக்கடையில் ஓர் அண்ணன் இருப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார், “என்ன?” என்பதற்கு மேல் வார்த்தை வராது. அவரை ஷோரூம்காரரோடு சேர்த்துவிடாதீர்கள். அவர் கோட்டம் எடுத்த சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், மாட்டியிருக்கும் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கைவேலை நன்றாக இருந்தால் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கண்ணும்மா, தங்கச்சி என்று தேனாகப் பேசிக்கொண்டே முன் போர்க்கைத் திருப்பி மாட்டித் தருகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிளை மாட்டித் தரச் சொன்னால் எங்கள் ஊர்க் கடைக்காரர், “வாங்கின இடத்துலயே கொண்டுபோய்க் குடு” என்று விரட்டுகிறார். – தருமபுரி வாசகர்

பதில்: அவருடைய எரிச்சல் புரிகிறது. பேசிய விதம்தான் சரியில்லை. ஆன்லைன் வண்டி பெரும்பாலும் ஹேண்டில்பார், முன் சக்கரம், மிதி, சீட் கழற்றிய நிலையில் பெட்டியில் வரும். அதைச் சரியாக மாட்டி, பிரேக்கும் கியரும் வைத்துக் கொடுக்க நேரம் பிடிக்கும். “கூலி எவ்வளவுண்ணே, சொல்லுங்க, தர்றேன்” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதிக் கடைகளில் கதவு திறந்துவிடும். திறக்காவிட்டால் அடுத்த கடை.

நீங்களே மாட்டுவதாக இருந்தால் ஒன்றில் கவனம்: இடது மிதியின் மரை தலைகீழ். இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். வழக்கம்போல் வலப்பக்கம் சுற்றி அழுத்தினால் மரை போய்விடும். அப்புறம் மிதி மாட்டும் கையான க்ராங்கையே மாற்ற வேண்டிவரும். சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் (டிஸ்க் பிரேக்குக்கு இது பொருந்தாது), முன் சக்கர பிரேக் கட்டைகள் போர்க்குக்கு முன்பக்கம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின்பக்கம் இருந்தால் போர்க் திரும்பியிருக்கிறது.

கேள்வி: பஞ்சர் ஒட்டப் போனால், “செயின் போச்சு சார், செட்டையே மாத்தணும்” என்கிறார்கள். நம்பலாமா? – மதுரை வாசகர்

பதில்: ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் அதற்கு அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணினால், 24ஆவது பின்னின் நடு, சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். தேய்ந்தால் பின் கோட்டைத் தாண்டிப் போகும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். மூன்று மில்லிமீட்டர் என்றால் பின்பக்கப் பல்சக்கரமான ப்ரீவீலும் போயிருக்கும், கடைக்காரர் சொன்னது நிஜம். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்துகொண்டு ‘செட்’ என்றால் எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இது கியர் வண்டிக்கான கணக்கு. ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. செயின் நழுவாமல் ஓடும்வரை ஓட்டலாம்.