கரி அடுப்பில் பளபளக்கும் காய்கறிகள்: ஜெர்மானிய கிரில் விருந்தின் துணைப் பதார்த்தம் பற்றிய கேள்வி பதில்

ஜெர்மனியில் வசந்தத்தின் முதல் கிரில் விருந்துக்கு ‘ஆன்கிரில்லன்’ என்று பெயர். தொத்திறைச்சியும் பன்றிக் கழுத்திறைச்சியும் தணலில் வேகும்போது, அவற்றுக்குத் துணையாக இனிப்பும் புளிப்பும் கலந்த கிளேஸ் (பளபளப்பாகப் படியும் மேற்பூச்சு) பூசிச் சுட்ட காய்கறிகளை வைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மேற்கு ஜெர்மனியின் ரைன்லாந்தில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் 18 ஆண்டுகள் நின்றதில் கற்றவை இவை.

கேள்வி: வணக்கம் அக்கா. சென்ற வாரம் பக்கத்து வீட்டு ஜெர்மானியக் குடும்பத்தை அழைத்து முதன்முறையாகக் கரி அடுப்பு மூட்டினோம். கேரட், சுக்கினி (வெள்ளரிபோல் இருக்கும் பூசணி வகைக் காய்), குடைமிளகாய் மூன்றையும் தேனும் கடுகு விழுதும் கலந்த கலவையில் இரவு முழுவதும் ஊறவைத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் வெளிப்புறம் கருகிவிட்டது; கேரட்டோ உள்ளே பச்சையாகவே இருந்தது. எங்கே தவறினேன்? (டோர்ட்முண்ட்)

பதில்: தேனை முந்திப் பூசிவிட்டீர்கள், அவ்வளவுதான். தேனில் மிகுந்திருக்கும் ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். நாம் காப்பியில் போடும் சர்க்கரைக்குக்கூட 160 டிகிரி வேண்டும். நன்றாகக் கனன்ற தணலுக்கு நேர் மேலே இருக்கும் கம்பியின் சூடோ 250 டிகிரியைத் தாண்டக்கூடியது. கேரட்டின் நடுப்பகுதி வேகப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால், அதற்குள் அதன்மேல் இருக்கும் தேன் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். இரவு முழுவதும் ஊறியதில் இன்னொரு கேடும் உண்டு. கலவையில் இருந்த உப்பு சுக்கினியின் நீரை வெளியே இழுத்துவிடுவதால், அது சுடுபடாமல் தன் நீரிலேயே அவிந்து குழைந்துபோகும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கேரட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உப்பிட்ட கொதிநீரில் ஆறு நிமிடம் போட்டு முக்கால் வேக்காட்டில் எடுத்து, துணியால் ஈரம் போக ஒற்றிவிடுங்கள். சுக்கினியையும் குடைமிளகாயையும் வேகவைக்க வேண்டியதில்லை. விரற்கடை கனத்துக்கு நறுக்கினால் போதும். எல்லாவற்றின் மீதும் எண்ணெயும் சிறிது உப்பும் மட்டும் தடவிக் கம்பியில் அடுக்கி, இரண்டு பக்கமும் பழுப்புக் கோடு விழும்வரை சுடுங்கள். பிறகு தணல் குறைந்த ஓரத்துக்கு நகர்த்தி, கிளேஸைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, ஒரு நிமிடம் கழித்துத் திருப்பி மறுபக்கமும் பூசி, இன்னொரு முறை அதையே செய்து இறக்கிவிடுங்கள். கிளேஸ் நெருப்பின் மேல் இருக்க வேண்டிய நேரம் மொத்தம் நான்கு நிமிடந்தான். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் அது வழிந்து தணலில் விழுந்து புகையாகும். மெல்லிய இரண்டு பூச்சுகள்தாம் கண்ணாடிபோல் படியும்.

கேள்வி: ஜெர்மானியச் சுவை வர வேண்டுமென்றால் கிளேஸில் என்னென்ன சேர்க்க வேண்டும்? கடைகளில் கிடைக்கும் அமெரிக்க பார்பிக்யூ சாஸ் போதுமா? (ஸ்டுட்கார்ட்)

பதில்: அந்த சாஸில் புகைச் சுவையும் தக்காளியும் ஓங்கி நிற்கும், எந்தக் காயைத் தின்றாலும் ஒரே ருசிதான் இருக்கும். இந்நாட்டுச் சமையலறையில் கிளேஸுக்குத் தேவையான மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன: கடுகு விழுது, ஒரு பாகு, ஆப்பிள் வினிகர்.

நான்கு பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ காய்கறிக்கு, நடுத்தரக் காரமுள்ள கடுகு விழுது இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை பீட்டிலிருந்து காய்ச்சிய கரும்பாகு ஒரு மேசைக்கரண்டி, ஆப்பிள் வினிகர் ஒரு மேசைக்கரண்டி, ராப்ஸ் எண்ணெய் (கனோலா எண்ணெய்) இரண்டு மேசைக்கரண்டி, உப்பும் மிளகுத்தூளும் தேவைக்கு என்பது என் கணக்கு. ரைன்லாந்தில் ‘ரூபன்கிராவுட்’ என்று வழங்கும் அந்தப் பாகை ரொட்டியிலும் உருளைக்கிழங்கு அடையிலும் தடவித் தின்பார்கள். நம் கருப்பட்டிப் பாகை நினைவூட்டும் கருமையும் இலேசான கசப்பும் அதற்கு உண்டு. கேரட்டுக்கும் வெங்காயத்துக்கும் அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. தென்பகுதியில் இருக்கும் உங்களுக்குப் பவேரிய இனிப்புக் கடுகு எளிதில் கிடைக்கும். வெள்ளைத் தொத்திறைச்சியோடு வைக்கிறார்களே, அதேதான். அதில் சர்க்கரை முன்பே சேர்ந்திருப்பதால் பாகைப் பாதியாகக் குறைத்து வினிகரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கலவையைச் சிறு வாணலியில் இட்டு, இளந்தீயில் இரண்டு நிமிடம் காய்ச்சுங்கள். பாகு பதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் எச்சரிக்கிறேன்: கம்பிப் பதம்வரை போய்விடக் கூடாது. கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டி, விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும் பதமே போதும். மீதி இறுக்கத்தைத் தணல் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எந்தக் காய்கறிகள் கிளேஸை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்? (ஹனோவர்)

பதில்: வெட்டுமுகம் தட்டையாகவும் ஈரம் குறைவாகவும் உள்ள காய்கள் நன்றாகப் பிடிக்கும். கேரட், விரற்கடை கனத்தில் வட்டமாக அரிந்து ஐந்து நிமிடம் வேகவைத்த கோல்ராபி (நூல்கோல்), இலையுதிர் காலத்தில் தோலோடு கீற்றிய ஹொக்கைடோ பூசணி ஆகியவை என் முதல் தேர்வு. வெங்காயத்தைத் தடித்த வட்டங்களாக அரிந்து, கலையாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு குச்சி செருகுங்கள். மரக்குச்சியானால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். காளானை முழுதாக, தண்டை நீக்கி, குழிவான பக்கம் மேலே பார்க்க வையுங்கள். குழியில் சாறு ஊறி நிற்பதைப் பார்த்த பிறகு அதிலேயே அரைக்கரண்டி கிளேஸை விட்டால் தனிச் சுவை. தக்காளிக்குக் கிளேஸ் வேண்டாம்.

வெள்ளை அஸ்பாரகஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் நடுவில் சந்தைக்கு வந்து ஜூன் 24ஆம் தேதி யோவான் திருநாளோடு அறுவடை முடிந்துவிடும் அந்தத் தண்டுக்கு, இந்நாட்டார் பக்தியோடு காத்திருப்பார்கள். அதன்மேல் கரும்பாகைப் பூசினால் உங்கள் ஜெர்மானிய விருந்தினர் ஒன்றும் சொல்லமாட்டார். முகம் மட்டும் மாறும். தோலை நன்றாகச் சீவி, வெண்ணெயும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் மட்டும் சேர்த்த இளங்கிளேஸைப் பூசுங்கள்.

கேள்வி: இங்கே எல்லோரும் அலுமினியத் தட்டில் வைத்துத்தான் சுடுகிறார்கள். அது தீங்கு என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா? (மன்ஹைம்)

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். புளிப்பும் உப்பும் அலுமினியத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும் என்பதால், அப்படிப்பட்ட உணவுகளை அலுமினியத் தட்டிலோ தாளிலோ வைக்க வேண்டாம் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவுறுத்துகிறது. நம் கிளேஸில் வினிகர், கடுகு, உப்பு மூன்றுமே இருக்கின்றன. துளையிட்ட எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். துளை வழியாகத் தணலின் மணமும் காயில் ஏறும்.

கேள்வி: அக்கா, தணல் சரியான பதத்துக்கு வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? என் கணவரின் நண்பர்கள் சுவாலை எழும்போதெல்லாம் அதன்மேல் பீரை ஊற்றுகிறார்கள். அது மணம் தரும் என்கிறார்கள். (கொலோன்)

பதில்: பீரை ஊற்றினால் முதலில் எழுவது சாம்பல், அது நேராக வந்து ஒட்டிக்கொள்வது உங்கள் பிசுபிசுப்பான காய்கறியின் மேல். கிளேஸ் பூசாத இறைச்சியிலிருந்தாவது தட்டிவிடலாம், கிளேஸிலிருந்து முடியாது. கொழுப்பு சொட்டிச் சுவாலை எழுந்தால் உணவை ஒதுக்கி வைப்பதே முறை. கொழுப்பு தணலில் எரிந்து எழும் புகையில் உடலுக்குத் தீங்கான சேர்மங்கள் இருப்பதால், காய்கறியைத் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் நெருக்கி வைக்காதீர்கள்.

பதத்துக்கு வருவோம். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் அடையாளம்: கரித்துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படர்ந்து, சுவாலை அடங்கி, உள்ளே செம்மை தெரிய வேண்டும். தணலை ஒரு பாதியில் குவித்து மறுபாதியை ஏறத்தாழ வெறுமையாக விடுங்கள். உள்ளங்கையைக் கம்பிக்கு ஒரு சாண் மேலே நீட்டினால், குவித்த பக்கத்தில் மூன்று வினாடிக்கு மேல் தாங்காது, அங்கே சுடலாம். ஆறேழு வினாடி தாங்கும் இடம் எதுவோ அங்கேதான் கிளேஸ் பூச வேண்டும். ஒருபோதும் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். அதன் ஆவி நொடியில் தீப்பற்றிக் கோடைதோறும் ஆட்களைச் சுட்டுவிடுகிறது.

கேள்வி: என் மாமியார் சைவம். இறைச்சி பட்ட கம்பியில் சுட்டதை அவர் தொடமாட்டார். இரண்டு அடுப்பு வைக்க எங்கள் தோட்டத்தில் இடமில்லை. (ஹம்)

பதில்: நான் வேலை செய்த இடத்தில் கடைப்பிடித்த வரிசை உங்களுக்குப் பொருந்தும். சுத்தமாகத் தேய்த்த கம்பியில் காய்கறிகளை முதலில் சுட்டு, கிளேஸும் பூசி முடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகே இறைச்சி ஏறட்டும். இந்தக் காய்கறிகள் இளஞ்சூட்டில்தான் நன்றாக இருக்கும் என்பதால் அரைமணி நேரம் காத்திருப்பதில் குறையில்லை. இடுக்கியும் தூரிகையும் தனியாக இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நான்காவது மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். பால்கனியில் மின் கிரில்லில் இதே பளபளப்பு வருமா? (பெர்லின்)

பதில்: வரும், சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பால்கனியில் கிரில் கூடாது என்று அதில் எழுதியிருந்தால் அது செல்லும். மின் கிரில்லின் சூடு குறைவு என்பதால் கிளேஸை அடுப்பிலேயே இன்னும் சிறிது இறுகக் காய்ச்சிக்கொண்டு, கடைசி ஆறு நிமிடத்தில் மூன்று முறை பூசுங்கள். மழை வந்துவிட்டதே என்று கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரியிலிருந்தும் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வெளியாகி உயிரைப் பறிக்கும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு இந்தக் காய்கறியை மசித்துக் கொடுக்கலாமா? (பிரேமன்)

பதில்: தேன் கலந்ததைக் கொடுக்கவே கூடாது, ஒரு வயது நிறையும்வரை தேன் ஆகாது. கிளேஸ் பூசுவதற்கு முன், உப்பும் இடாமல் வேகவைத்த கேரட்டில் இரண்டு துண்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: தட்டில் இதனுடன் வேறென்ன வைப்பது? மீந்தால் என்ன செய்வது? (மியூனிக்)

பதில்: உருளைக்கிழங்கு சாலட் இல்லாத கிரில் விருந்தை இந்நாட்டில் நான் பார்த்ததில்லை. வடக்கே மயோனைஸ் சேர்ப்பார்கள். உங்கள் பக்கத்தில் சூடான இறைச்சிச் சாறும் வினிகரும் ஊற்றிக் கிளறுவார்கள். மயோனைஸ் சாலட் என்றால் கிளேஸில் வினிகர் தூக்கலாக இருக்கட்டும். வினிகர் சாலட் என்றால் பாகு தூக்கலாக இருக்கட்டும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் தொத்திறைச்சியின் ருசி எழும்பாது. மீந்த காய்களை மறுநாள் சூடாக்காதீர்கள். கிளேஸ் இளகி ஓடிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பொடியாக நறுக்கி, பச்சை வெங்காயமும் சில சொட்டு வினிகரும் கலந்து, வெண்ணெய் தடவிய கம்பு ரொட்டியின் மேல் பரப்பித் தின்னுங்கள். இங்கே கம்பு என்பது நம்மூர்க் கம்பு இல்லை, ரை என்னும் தானியம். அதன் புளித்த மாவின் வாசம் அந்தப் பாகோடு நன்றாகச் சேரும்.