அடுப்பு எரியாத சமையலறை

கேள்வி: தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், சாப்பாட்டுக் கடைச் சமையலறையை வைத்து 40 நிமிட நாடகம் போடுகிறோம். மேடையிலேயே ரொட்டி சானாய் சுட்டுக் காட்டலாமா?
- நாடகக் குழுவினர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். திரைச்சீலைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆபத்து. ரொட்டி வேகும்வரை வசனமும் காத்திருக்காது. ஆங்கில நாடகாசிரியர் ஆர்னால்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்' (சமையலறை) நாடகம் 1959-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. அதில் சமைப்பதெல்லாம் பாவனைதான். பரிமாறுவோர் தூக்கிப் போவது வெறுந்தட்டு.

ஆனால் உங்கள் பாத்திரங்கள் நிஜமாக இருக்கட்டும். குவாலியில் (வாணலியில்) கரண்டி படும் ஓசைக்கு ஈடு கிடையாது. ரொட்டி வீச ஈரத்துணி போதும். புதிதாகப் பழகுகிறவர்களும் அதைத்தான் வீசிப் பார்ப்பார்கள். காய்ந்த துணி காற்றில் சுருண்டுவிடும், நனைந்ததுதான் கனத்தோடு விரியும். சொட்டாதபடி பிழிந்துகொள்ளுங்கள்.

வெறும் சோற்றுப் பானையை ஒற்றைக் கையில் தூக்கினால் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். உள்ளே 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள், முதுகு தானாக வளையும். கேஸ் தோம்பை (சிலிண்டரை) அட்டையில் செய்துகொள்ளுங்கள். காலித் தோம்பிலும் மிச்ச வாயு இருக்கும். இல்லாத குழாயை ஆளுக்கோர் இடத்தில் திறப்பதுதான் வழக்கமான சொதப்பல். அதற்குத் தரையில் ஒட்டுநாடா ஒட்டி இடம் குறியுங்கள்.

மதிய நேர நெருக்கடியை வேகமாக ஓடிக் காட்ட முடியாது. ஆர்டர்தான் அதைக் காட்டும். "ரொட்டி தெலோர் ரெண்டு!", "தே ஓ கோசோங் ஒன்னு!", "மீ கோரேங் புங்குஸ் (பொட்டலம்)!" என்று வாசலில் கூவ, உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் 10 விநாடிக்கு ஒன்று, பிறகு 5 விநாடிக்கு ஒன்று. கடைசியில் பதில் வருமுன்பே அடுத்தது விழட்டும். இருவர் சண்டை போடும் கட்டத்தில் மற்றவர்கள் கை மட்டும் ஓசையில்லாமல் வேலை செய்யட்டும். எல்லாரும் சிலையாக நின்றால் அது சமையலறையே இல்லை.

கேள்வி: தே தாரிக்கையாவது (உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் பால்தேநீர்) நிஜமாக இழுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆறிய தேநீரில் பால்மாவு கரைத்து, குவளையில் பாதி அளவுக்கு ஊற்றுங்கள். சூசு பால் (இனிப்புக் கெட்டிப்பால்) வேண்டாம், சிந்தினால் சப்பாத்து ஒட்டும். ஒரு விளக்கின் ஒளியைப் பின்னாலிருந்து விழவிட்டால், இழுக்கும்போது தேநீர் கடைசி வரிசைக்கும் மின்னும். காலடியில் பழைய சாக்கு ஒன்று போடுங்கள்.