படாமல் படும் அடி: வாசகர் கேள்வி பதில்

'டிரைவ்' (1997) படத்தில் பெரிய நட்சத்திரமும் இல்லை, பிரம்மாண்டமும் இல்லை. ஆனால் சண்டை மட்டும் ஹாங்காங் படம் போலப் பிரமாதமாக இருக்கிறதே, எப்படி? (திண்டுக்கல் வாசகர்)

இயக்குநர் ஸ்டீவ் வாங், அதற்கு முன் சினிமா அரக்கர்களுக்கு உடல் செய்து பெயர் வாங்கியவர். சண்டை அமைத்தவர் கொய்ச்சி சகமோட்டோ. 'பவர் ரேஞ்சர்ஸ்' டிவி தொடர் பார்த்தவர்களுக்கு இவர் கைவண்ணம் தெரியும். நாயகன் மார்க் டகாஸ்கோஸ், தற்காப்புக்கலை ஆசான் ஒருவரின் மகன். அடிக்கத் தெரிந்த நடிகர் கிடைத்துவிட்டால் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை காட்டலாம். தெரியாதவரை வைத்துக்கொண்டுதான் நொடிக்கொரு கட் போட்டு மறைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, எடுக்கும் முறை. ஹாலிவுட்டில் சண்டை முழுவதையும் நாலைந்து கோணத்தில் எடுத்து, எடிட்டிங்கில் பொறுக்குவார்கள். ஹாங்காங் வழக்கத்தில் நாலைந்து அசைவுக்கு ஒரு ஷாட், அதற்குப் பொருந்தும் ஒரே கோணம்; அது ஓகே ஆனபின் கேமரா நகரும். ஃபிலிம் மிச்சம், நாள் செலவு. சிறு படம் கார் வெடிப்பதைக் குறைத்து, அந்தக் காசில் சண்டைக்கு நாள் வாங்க வேண்டும்.

எங்கள் குறும்படத்தில் குத்து முகத்தில் படவில்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. என்ன செய்வது? (காரைக்கால் வாசகர்)

பக்கவாட்டில் கேமரா வைத்திருப்பீர்கள். முஷ்டிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி அங்கிருந்துதான் அப்படியே தெரியும். அடிப்பவர் அல்லது வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் போங்கள். லென்ஸ், முஷ்டி, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு சாண் இடைவெளியும் மறைந்துவிடும். 24 மி.மீ. போன்ற அகலக் கோண லென்ஸ் இடைவெளியைப் பெரிதாக்கும். தள்ளி நின்று 85 மி.மீ. போடுங்கள்.

அப்புறமும் பொய்யாகத் தெரிந்தால், குறை பெரும்பாலும் அடி வாங்குபவரிடம். கை முகத்தைக் கடக்கும் அதே கணத்தில், கை போகும் திசையிலேயே தலை திரும்ப வேண்டும். முந்தினால் விலகியது போல இருக்கும், பிந்தினால் தூங்கி விழித்தது போல இருக்கும். வயிற்றில் விழும் உதைக்குச் சட்டைக்குள் பேட் வைத்து, மேலே கொஞ்சம் பவுடர் தூவுங்கள். புழுதி பறப்பதைப் பார்த்துத்தான் கண் அடியை நம்புகிறது. அடுத்த டேக்குக்கு முன் தட்டிவிட மறக்காதீர்கள்.

அடி விழும் இடத்தில் கட் செய்தால், முதல் ஷாட்டின் கடைசி 2 அல்லது 3 ஃபிரேம் அசைவை அடுத்த கோணத்திலும் திரும்பக் காட்டுங்கள். கோணம் மாறியதும் கை எங்கே என்று கண் தேடும் நேரம் அது. அதற்கு மேல் போனால் திக்கும்.

வேகத்தைக் கூட்டலாமா? (ஈரோடு வாசகர்)

கூட்டலாம், தெரியாத அளவுக்கு. நொடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் சுமார் 9 சதவீதம் வேகம் கூடும். 20-க்கு இறங்கினால் 20 சதவீதம். தலைமுடியும் வேட்டி நுனியும் காட்டிக்கொடுத்துவிடும். வசனம் உள்ள ஷாட்டில் வேண்டாம். ஷட்டர் வேகம் 1/100 நொடி வைத்தால் கை கால் கலங்காமல் கூராகத் தெரியும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் மினுக்காது.

இரண்டு நாயகர்கள். ஒருவனுக்குச் சண்டை தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. தெரியாதவன் சும்மா நிற்கிறான், சிரிப்பே வரவில்லை. (தஞ்சாவூர் வாசகர்)

அவனுக்குச் சண்டையைத் தவிர வேறொரு வேலை கொடுங்கள். வாங்கிய பிரியாணிப் பொட்டலம் கொட்டாமல் காப்பாற்றுவதே அவன் லட்சியமாக இருக்கட்டும். தெரிந்தவன் விடும் ஒவ்வொரு உதையும் அந்தப் பொட்டலத்துக்கு ஆபத்தாக வேண்டும். அப்போதுதான் ஒரே அடி சண்டையாகவும் நகைச்சுவையாகவும் இருக்கும். இருவரையும் ஒரே ஃபிரேமில் வையுங்கள். அடியை ஒரு ஷாட்டிலும் முழிப்பதை அடுத்த ஷாட்டிலும் வைத்தால் சிரிப்பு பாதி செத்துவிடும். குத்தியபின் தெரிந்தவனும் கையை உதறட்டும். ஜாக்கி சான் படங்களில் நாயகனுக்கும் வலிப்பதால்தான் நாம் சிரிக்கிறோம்.

மாடியிலிருந்து அட்டைப்பெட்டி மேல் குதிக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

ஃபைட் மாஸ்டர் இல்லாமல் வேண்டாம். அவர் வந்தாலும் பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும், ஒருமுறை நசுங்கியதை மறுபடி அடுக்கக் கூடாது. நசுங்குவதுதான் விழும் வேகத்தை வாங்குகிறது. நசுங்கி முடிந்த பெட்டி வெறும் தரை. சண்டையில் உடைக்கச் சர்க்கரைப் பாகில் செய்யும் போலிக் கண்ணாடி, அதாவது சர்க்கரைக் கண்ணாடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். படப்பிடிப்புக்கு முதல் நாள் செய்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.