க்ளாக் 17, பெரெட்டா 92: நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

கேள்வி: க்ளாக் 17, பெரெட்டா 92 ஆகிய இரண்டு கைத்துப்பாக்கிகளில் எது சிறந்தது? சென்னையில் உரிமம் பெற்று இவற்றில் ஒன்றை வாங்க முடியுமா?

என் தேர்வு க்ளாக் 17. மத்திய ஆயுதக் காவல் படை ஒன்றில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரித்துப் பழுது பார்ப்பவனாக வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது ஆவடியில் இருக்கிறேன். இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்திருக்கிறேன், இரண்டிலும் சுட்டிருக்கிறேன்.

முதலில் உரிமம். ஒரு சாதாரணக் குடிமகன் இந்த இரண்டில் எதையும் வாங்க முடியாது. படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. அந்த வகைக்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. உயிருக்குக் கடும் அச்சுறுத்தல் இருப்பவர்களைப் போன்ற வெகு சிலருக்கே அது கிடைக்கும். சென்னை மாநகரில் காவல் ஆணையர் தருவது .32 (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) போன்ற தடை செய்யப்படாத வகைகளுக்கான உரிமம். அதிலும் 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. யாராவது "9 எம்.எம். வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசினால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். பெரெட்டா 92 இத்தாலியில் 1975-இல் வந்தது. 1985-இல் அமெரிக்க ராணுவம் அதை எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டதும் உலகப் புகழ் பெற்றது. அலுமினியக் கலவையில் உடல், தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலான ஹேமர் வெளியே தெரியும், மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியில் 15 தோட்டா. காலியாக இருக்கும்போதே எடை ஒரு கிலோவைத் தொடும். க்ளாக் 17 ஆஸ்திரியாவில் பிறந்தது. அந்நாட்டு ராணுவம் 1982-இல் அதை எடுத்துக்கொண்டது. உடல் பாலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக், வெளியே ஹேமர் கிடையாது, மேகசினில் 17 தோட்டா, காலியாக முக்கால் கிலோவுக்கும் குறைவு. இடுப்பில் எட்டு மணி நேரம் கட்டிக்கொண்டு பாதுகாப்புப் பணியில் நிற்பவருக்கு இந்த எடை வித்தியாசம் சாயங்காலத்தில் தெரியும்.

ஆனால் எடையும் தோட்டா எண்ணிக்கையும் என் முடிவுக்குக் காரணமல்ல. காரணம் முதல் குண்டு.

பெரெட்டாவில் ஹேமர் கீழே இறங்கிய நிலையில் முதல் முறை விசையை (ட்ரிக்கரை) இழுக்கும்போது, அந்த ஒரே இழுப்பு ஹேமரைப் பின்னால் தூக்கி விடுவிக்கவும் வேண்டும். சுமார் 5 கிலோ அழுத்தம், நீண்ட பயணம். குண்டு பாய்ந்ததும், பின்னால் போய் வரும் மேல்பகுதியான ஸ்லைடே ஹேமரைத் தூக்கி வைத்துவிடுவதால், இரண்டாவது குண்டுக்கு விசை குட்டையாகவும், பாதிக்கும் குறைவான அழுத்தத்திலும் விடுபடுகிறது. ஆக, முதல் குண்டுக்கு ஒரு விரல் பழக்கம், அடுத்த குண்டுக்கு வேறொரு விரல் பழக்கம். க்ளாக்கில் முதல் இழுப்பு முதல் கடைசி இழுப்பு வரை ஏறத்தாழ இரண்டரை கிலோதான். எந்த மாற்றமும் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, முன் காட்சிக்குறிக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து விசையை இழுக்க வேண்டும். க்ளாக்கில் கொஞ்சம் பழகியவரிடமே நாணயம் அசையாமல் இருக்கும். பெரெட்டாவின் முதல் இழுப்பில், விசை கடைசிக் கால் பங்குக்கு வரும்போது சுண்டுவிரல் இறுகி, முனை இடப்பக்கம் கீழே சாய்ந்து, நாணயம் தரையில் விழும். கை சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். பெரெட்டாவின் பிடி பருமன். முதல் இழுப்புக்கு விசை முன்னால் தள்ளி நிற்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு விரல் நுனி மட்டுமே அதை எட்டுகிறது. அதைச் சமாளிக்கப் பிடியைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பியதும் குறி போய்விடுகிறது. வருடத்துக்குச் சில முறை மட்டுமே சுடத் தோட்டா கிடைக்கும் காவலருக்கு இரண்டு வகை இழுப்பைப் பழக்குவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. நம் படைகளில் பெரும்பாலோர் பழகியது இஷாப்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் தயாராகும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலில். அது பிரவுனிங் வடிவமைப்பு. பாதுகாப்பு லீவர் உடலில் இருக்கும், கட்டைவிரலால் கீழே தள்ளினால் சுடத் தயார். பெரெட்டா 92-இன் எஃப்எஸ் வகையில் அந்த லீவர் ஸ்லைடில் இருக்கிறது. கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், மேலே தள்ளினால்தான் சுடும். பத்து வருடம் ஒரு திசையில் பழகிய கட்டைவிரல், உயிர் போகும் நேரத்தில் யோசித்துவிட்டு எதிர்த்திசையில் போகாது. க்ளாக்கில் அப்படிப்பட்ட லீவரே கிடையாது.

இதே பிரவுனிங்கைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்த பிரிட்டிஷ் ராணுவம் 2013-இல் க்ளாக் 17-க்கு மாறியது. பெரெட்டா 92-இன் பிரெஞ்சு வடிவத்தை வைத்திருந்த பிரான்ஸும் 2020-இல் க்ளாக் 17-ஐயே தேர்ந்தெடுத்தது. இந்த இரண்டு முடிவுகளும் எனக்குக் கொஞ்சமும் வியப்பளிக்கவில்லை.

க்ளாக்கில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் பயம். அதைச் சுத்தம் செய்யப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை இழுத்தாக வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில், அறைக்குள் ஒரு தோட்டா மீதி இருப்பதைப் பார்க்காமல் இழுத்தால் அது வெடிக்கும். எதிரே யார் இருக்கிறார்கள் என்று தோட்டாவுக்குத் தெரியாது. பெரெட்டாவைப் பிரிக்க விசையைத் தொடவே வேண்டாம்; பொத்தானை அழுத்தி லீவரைத் திருப்பினால் ஸ்லைடு முன்னால் வந்துவிடும். ஆகவே க்ளாக்கை வழங்கும் எந்தப் பிரிவிலும் மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, அறையைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்ப்பது என்ற வரிசையை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். விசையை மூடும் கெட்டியான உறையும் கட்டாயம். மெத்தென்ற பழைய தோல் உறையின் மடிப்பு உள்ளே புகுந்து விசையை அழுத்திவிடக்கூடும்.

தோல் உறைக்கு இன்னொரு குற்றமும் உண்டு. சென்னையின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் உறையிலேயே விட்ட 1ஏ பிஸ்டலின் ஸ்லைடில் பழுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். க்ளாக்கின் ஸ்லைடும் குழலும் துருவை நன்றாகத் தாங்கும்படி மேற்பரப்பு கடினமாக்கப்பட்டவை. பெரெட்டாவின் அலுமினிய உடலும் துருப்பிடிக்காது. ஆனால் அதன் திருகுகள், சுருள்வில்கள், மேகசின் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். குழலையும் ஸ்லைடையும் பூட்டும் கட்டையின் இரண்டு காதுகளிலும் கீறல் விழுகிறதா என்று ஒவ்வொரு பராமரிப்பிலும் பார்ப்பேன்.

சுடும் சுகத்துக்கு என்றால் பெரெட்டாதான். அந்த எடை உதைப்பை விழுங்கிவிடும். ஹேமர் தூக்கிய நிலையில் விசை வழுக்கிக்கொண்டு விடுபடும். பெரிய கை, நிறையத் தோட்டா, நிறையப் பயிற்சி நேரம் உள்ளவர் பெரெட்டாவைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

உங்களுக்கு ஆர்வம் சுடுவதில் என்றால், சென்னையிலேயே முறையான வழி இருக்கிறது. எழும்பூரில் உள்ள சென்னை ரைபிள் கிளப் போன்ற இடத்தில் உறுப்பினராகி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி விதிப்படி அதன் விசை அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிறகு 25 மீட்டரில் .22 அரைத் தானியங்கிப் பிஸ்டலுக்குப் போனால் 1000 கிராம். விரலை அங்கே பழக்கிக்கொண்டால், பின்னாளில் படையிலோ காவல் துறையிலோ எந்த 9 மி.மீ. பிஸ்டலைக் கொடுத்தாலும் முதல் குண்டே குறியில் போய்ச் சேரும்.